பதினேழாம் தாளில் ஒரு கோடு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் செக்போஸ்ட். யார் வைத்தது என்று கடைசிவரை துப்புத் துலங்கவில்லை; மூன்று பேர் மீது அவளுக்குச் சந்தேகம் உண்டு. நிலத்தடி நீர் வரைபடப் பிரிவில் அவள் மேசையைத் தாண்டாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது. தப்பித் தவறிப் போனால் மாடிப்படிவரை துரத்திக்கொண்டு போய்ப் பிடித்து வருவாள்.

சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. யார் தண்ணீர் கொடுத்தாலும் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். வீட்டில் மூன்று கடிகாரங்கள். மூன்றும் ஒரே நேரம் காட்டினால்தான் வேலைக்குக் கிளம்புவாள். "மூணும் சேந்து பொய் சொன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்பார், தையற்கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர். அவள் சிரிக்க மாட்டாள். இதிலும் ஏதோ இருக்கிறதே என்று அன்று முழுக்க யோசிப்பாள்.

இருபத்திரண்டு வயதில் டிரேசராகச் சேர்ந்தவள். பெரியவர்கள் போட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மசிப்பேனாவால் அப்படியே நகலெடுக்கிற வேலை. மூச்சு விட்டால் கோடு கோணும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு வரைவாள். பதின்மூன்று வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மற்ற டிரேசர்கள் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு ஓடினார்கள். இவள் ஓடவில்லை. பாறைப் பிளவுகளைக் காட்டும் பழைய காகித வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பெரிய மின்பலகையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஊர்ந்து ஊர்ந்து, நாற்பத்தோரு தாள்களையும் எட்டு மாசத்தில் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். அந்தக் கழுத்துவலி இன்றைக்கும் போகவில்லை. நாற்பத்தோரு தாள்களிலும் ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை என்று சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். விட்டுப்போகவில்லை, அது உண்மைதான். அதை யாரும் மறுக்க முடியாது.

அவள் பிரிவு தண்ணீர் தேடப் போடும் ஏழு அடுக்கு வரைபடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பூமிக்கடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வாத்தியார் மாதிரி மார்க் போடத்தான் தெரியும். பாறை, மண், சரிவு, ஓடை, மழை, நிலத்தில் என்ன இருக்கிறது, பாறைப் பிளவு என்று ஏழு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் ஏழிலும் மார்க் போட்டுக் கூட்டும். முதல் மார்க் வாங்கிய இடம் கருநீலம். பெயிலான இடம் வெளிர்மஞ்சள். அந்த வட்டாரம் முழுக்கக் கெட்டிப் பாறை. பாறைக்குள் தண்ணீர் நிற்க இடமென்றால் பிளவுதான். அதனால் பிளவுக்குத்தான் மார்க் அதிகம்.

இந்தத் தடவை கருநீலத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது மேற்குக் குடியிருப்பு. எழுபது வீடு. மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீர். ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி வந்திருந்தது. அதுவும் வறண்டால் இனிமேல் துளை கிடையாது, குடியிருப்பைக் காலி செய்து வேறிடம் அனுப்புவதுதான் வழி என்று ஆணையிலேயே எழுதியிருந்தார்கள். அந்த எழுபதில் ஒன்று அவள் தங்கச்சி வீடு.

தங்கச்சி அவளோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. தங்கச்சியின் புருஷன் முன்பு இதே அலுவலகத்தில்தான் இருந்தார். வரைபடம் காட்டும் இடத்தைத் தேடிப்போய்த் துளை போட வேண்டிய புள்ளியில் முளைக்குச்சி அடிப்பது அவர் வேலை; எல்லாரும் முளைக்காரர் என்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு அதே குடியிருப்புக்கு ஒரு துளை போட்டார்கள். இருநூற்று நாற்பது மீட்டர் இறங்கியும் வெள்ளைத் தூசிதான் வந்தது. விசாரணை வைத்தார்கள். அளந்து பார்த்ததில், துளை வரைபடப் புள்ளியிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. தள்ளிய பக்கத்தில் முளைக்காரரின் சித்தப்பா நிலம் வேறு இருந்து தொலைத்தது. செக்போஸ்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மேப் சரி. முளைதான் நகர்ந்திருக்கு," என்றாள். சொந்தம் என்றுகூடப் பார்க்கவில்லையே, என்ன நேர்மை என்று எல்லாரும் வியந்தார்கள். கையில் பிடித்து இடம் பார்க்கிற ஜி.பி.எஸ். கருவி பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முளைக்காரருக்கு வேலை போனது. இப்போது அவர் அந்தக் குடியிருப்புக்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

சரி, கதைக்கு வருவோம். இந்த வருஷ வரைபடத்தைப் போட்டவள் நாலு மாசம் முன்பு வந்த நிலவியல்காரி. வயது முப்பது இருக்கும். அலுவலகத்தில் சின்ன மேடம் என்று பெயர். புதன்கிழமை அவள் வரைபடத்தைக் கொண்டுவந்து வைத்ததும் செக்போஸ்டுக்கு மூக்கில் வியர்த்தது. கருநீலத்தில் நல்ல அழுத்தமான பட்டை ஒன்று, செங்கல் சூளைக்குப் பக்கத்திலே போய் நின்றது. சூளை முதலாளி போன மாசம் இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்ததும், சின்ன மேடத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசியதும் அவள் கண்ணில் படாமல் போகுமா? போதாததற்கு, வரைபடம் தன் மேசைக்கு வரும் முன்பே, திங்கட்கிழமையே அங்கே சிவப்புத் துணி கட்டிய முளையும் அடித்தாயிற்று.

"மேப் நல்லா வந்திருக்கும்மா," என்றாள் செக்போஸ்ட்.

சின்ன மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. செக்போஸ்ட் ஒன்றை நன்றாக இருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

செக்போஸ்ட் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பிளவுக்கு வேண்டுமென்றே மார்க்கை ஏற்றியிருப்பாளோ? மார்க் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் விதிப்படி இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருப்பதே சரியில்லையே என்று பட்டது. ஏழு அடுக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்தாள். பிளவு அடுக்கை அணைத்ததும் கருநீலப் பட்டை மொத்தமாக மறைந்தது. ஆகா, மாட்டிக்கொண்டாயா! அந்த அடுக்கை மட்டும் பெரிதாக்கினாள். இரண்டு உண்மையான பிளவுகளுக்கு நடுவே ஒரு கோடு, வடக்கிலிருந்து தெற்கே ஓடியது. சுற்றியுள்ள பிளவுகளெல்லாம் கோணலும் மாணலுமாகப் போக, இது மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. தாளின் இடது ஓரத்திலிருந்து அளந்தாள். வலது ஓரத்திலிருந்தும் அளந்தாள். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. சரிபாதி.

"பாறை எங்கடி ஸ்கேல் வச்சு வெடிக்குது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள்.

ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் உண்டு. யார் போட்டது, எந்தத் தேதி, எந்தத் தாளிலிருந்து என்று அதில் இருக்கும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அதைத் திறந்தாள். தாள் பதினேழு. தேதி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது. போட்டவர் எண், நாற்பத்தாறு. நாற்பத்தாறு அவளுடைய எண்.

அவளுக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? அடிப்பாவி, என் நம்பரையே போட்டு ஏமாத்தியிருக்காளே, கில்லாடி! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு சின்ன மேடம் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள் என்ற கணக்கு அவள் தலையில் ஏறவில்லை. காகிதத்தைக் காட்டினால் வாயடைத்துப் போவாள் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள்.

பழைய தாள்கள் கிடங்கில் எட்டாக மடித்து, துணிப்பையில் போட்டு, எண் எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தன. பதினேழாம் தாளைத் தரையில் விரித்து, மூலைகளில் நாலு கல் வைத்தாள். மேலே ஒரு பிளவு, கீழே ஒரு பிளவு, இரண்டும் மசியில் விட்டுவிட்டுப் போட்ட கோடுகள். நடுவில் ஒன்று இருந்தது. மசி இல்லை. மடிப்பு. வருஷக்கணக்காக மடித்து விரித்து மடித்து விரித்து, அழுக்கு ஏறிக் கறுத்துப்போன மடிப்பு. இரண்டு பிளவுக்கும் நடுவில் கை அதிகம் பட்ட இடத்தில் மட்டும் நன்றாகக் கறுத்துக் கோடு மாதிரியே இருந்தது. கட்டைவிரலால் தடவினாள். விரல் பள்ளத்தில் இறங்கியது.

ஐயோ.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாசம், நாற்பத்தோரு தாள், ஆயிரக்கணக்கான கோடுகள். ஏதோ ஒரு நாள், கழுத்துவலியோடு, மடிப்பின் மேல் ஊர்ந்து போயிருக்கிறாள். ஒரு கோட்டையும் விடக் கூடாது என்கிற ஆங்காரத்தில், இல்லாத கோட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்பு வறண்ட துளையும் இதே கோட்டின் தெற்கு முனையில்தான் இருந்தது. முளைக்காரர் அன்றைக்கு அவளிடம் வந்து சொன்னார்: "அண்ணி, நான் முளைய நகத்தல. உங்க மேப்ப ஒரு தடவ திறந்து பாருங்க." அவள் திறக்கவில்லை. தான் போட்டது, அதை எதற்குத் திறக்க வேண்டும்? உலகத்தில் அவள் சந்தேகப்படாதது அது ஒன்றுதான்.

சின்ன மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கும் அந்தக் கோடு இடிச்சுதுக்கா. செயற்கைக்கோள் படத்துல அங்க ஒண்ணுமே தெரியல."

"அப்புறம் ஏன்டி விட்ட?"

"நாற்பத்தாறுன்னு போட்டிருந்துச்சே. நீங்க போட்டத நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?"

செக்போஸ்ட் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

அதிகாரி நல்ல மனுஷர். அதாவது எதுவும் பெரிதாகிவிடக் கூடாது என்று நினைப்பவர். "மனுஷன்னா தப்பு வரும்மா. காதும் காதும் வச்ச மாதிரி கோட்ட எடுத்துடுங்க. புதுப் புள்ளி எங்க வருதோ அங்க முளைய மாத்திடலாம். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கு. பழச எதுக்குக் கிளறணும்?" என்றார். அவளும் சரி என்று தலையாட்டினாள். ஆட்டினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை, பயந்துவிட்டாள். கோட்டை அழித்ததும் சூளைப் பக்கத்துக் கருநீலம் போயிற்று. உண்மையான இரண்டு பிளவுகள் சேரும் இடத்தில், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால், முன்பு இரண்டாவது மார்க் வாங்கிய சின்ன நீலத் திட்டு ஒன்று முதலிடத்துக்கு வந்தது. சூளை முதலாளி எதற்கு வந்துபோனார் என்றும் விசாரித்துவிட்டாள். சூளைப் பக்கம் துளை போட்டால் புகைபோக்கி ஆட்டம் கண்டுவிடுமோ என்று பயந்து, வேறு இடம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சத்தான் வந்திருந்தார்.

பதினேழாம் தாளை மட்டும் அவள் கிடங்கில் திருப்பி வைக்கவில்லை. அதிகாரி அதைக் காணாமல் அடித்துவிடுவார் என்று ஒரு சந்தேகம். கைப்பைக்குள் மடித்து வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். இரண்டு நாளாக அவள் கடிகாரத்தைப் பார்க்காமலே கிளம்புவதைப் பார்த்து வீட்டுக்காரர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் துளை போடும் ரிக் வண்டி மேற்குக் குடியிருப்புக்குப் போனது. பின்னாலேயே ஜீப்பில் சின்ன மேடத்தோடு அவளும் போனாள். களத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. மைதானத்துக்குப் பின்னால் குடியிருப்பே திரண்டு நின்றது. வண்டிக்கு முன்னால் குடங்களை வரிசையாக வைத்து மறித்திருந்தார்கள். சனிக்கிழமை அடித்த புது முளையை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்ற அம்மாவை அங்கே முதல்குடம் என்பார்கள். லாரி வந்தால் வரிசையில் முதல் ஆள் அவர்தான். ஒவ்வொரு தடவையும் ஏணியில் ஏறி, தொட்டி நிறைய இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க விடுவார். முளைக்காரரை நம்பித் தண்ணீர் பிடிக்க அவருக்கு மனசு வராது.

அந்த முளைக்காரரும் அங்கேதான் இருந்தார். ரிக் வேலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். தலை நரைத்திருந்தது.

"போன வாரம் சூளைக்கிட்ட குச்சி. இன்னைக்கு இங்க குச்சி," என்று முதல்குடம் அவரைப் பார்த்துக் கத்தினார். "அன்னைக்கும் நீதான நகத்தின? எங்க கிணத்த வித்துத் தின்னவன்தான நீ? இன்னைக்கு யாருக்குய்யா நகத்திக் குடுத்த?"

"நான் லாரி ஓட்டுறேன்மா. முளைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல," என்றார் அவர். பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு தங்கச்சி நின்றாள். அக்காவைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிக் வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன் என்றார். போனால் திரும்பி வராது.

செக்போஸ்ட் ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"அவர் நகத்தல," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, தொண்டை கிழியச் சொன்னாள். "அவர் அன்னைக்கும் நகத்தல! மேப் சொன்ன இடத்துலதான் அடிச்சாரு. மேப்தான் தப்பு. அந்த மேப்பப் போட்டது நான். பேப்பர்ல இருந்த மடிப்பப் பாறையில இருக்கற பிளவுன்னு நினைச்சுக் கோடு போட்டுட்டேன். விசாரணையில மேப் சரின்னு சாட்சி சொன்னதும் நான்தான். போன வாரம் சூளைக்கிட்ட குச்சி அடிச்சதும் அந்தக் கோட்ட நம்பித்தான்."

கூட்டம் முளைக்காரர் பக்கம் திரும்பியது. முதல்குடம் மட்டும் அசையவில்லை.

"இத எப்படி நம்புறது? நீங்க அவன் பொண்டாட்டியோட அக்காதான? சொந்தக்காரனக் காப்பாத்தக் கத கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

அந்தக் கண்களை செக்போஸ்ட் பார்த்தாள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை அவளுடையதுதான். கைப்பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள்.

"நம்பாதீங்க. நானா இருந்தா நானும் நம்ப மாட்டேன். நீங்களே பாருங்க."

முதல்குடம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். தேய்ந்த மடிப்பின் வழியே வெளிச்சம் கசிந்தது. கட்டைவிரலால் தடவினார். பிறகு யாரும் சொல்லாமலே தாளைப் பழைய மடிப்பில் மடித்தார். கறுத்த கோடு மடிப்புக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. விரித்தார், வந்தது. மறுபடி மடித்தார். பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். தாள் கை மாறிக்கொண்டே போனது. ஒருவர்கூடப் பார்க்காமல் கொடுக்கவில்லை. எழுபது வீடும் பார்த்து முடிக்கும்வரை செக்போஸ்ட் வெயிலிலேயே நின்றாள். தன்னைச் சோதிக்கட்டும் என்று நின்றாள்.

முதல்குடம் குனிந்து தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிடுங்கி எறிந்த முளையைத் தேடி எடுத்துவந்து, சம்மட்டியோடு சேர்த்து முளைக்காரரிடம் நீட்டினார்.

"அடிப்பா," என்றார்.

முளைக்காரர் சின்ன மேடத்திடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு நாலே அடியில் முளையை இறக்கினார். நிமிர்ந்து செக்போஸ்டைப் பார்த்தார். "கருவி பன்னண்டு மீட்டர் முன்ன பின்ன காட்டும் அண்ணி. இந்தத் தடவ எழுதி வச்சுக்கங்க." அவ்வளவுதான் சொன்னார். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

சாயங்காலம்வரை வெள்ளைத் தூசிதான் பறந்தது. நூறு மீட்டர் தாண்டியும் தூசி. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நூற்றுப் பதினெட்டாவது மீட்டரில் தூசி கறுத்தது, பிறகு கட்டிகட்டியாக விழுந்தது, பிறகு ரிக் சத்தம் மாறிச் சேறும் தண்ணீரும் ஓர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. குடங்கள் உருளுகிற சத்தமும் ஜனங்களின் கூச்சலுமாக ஒரே அமளி.

செக்போஸ்ட் ஜீப்பில் சாய்ந்து நின்றாள். தங்கச்சி வந்தாள். புடவை முழுக்கச் சேறு. கையில் கண்ணாடி டம்ளர், அதில் கலங்கல் தண்ணீர். நீட்டினாள்.

"இந்தா. வெளிச்சத்துல தூக்கி நல்லாப் பாத்துட்டுக் குடி," என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. "எல்லாத்தையும் அப்படித்தானக்கா பாத்த? நீ போட்ட கோட்ட மட்டும்தான் பாக்கல."

அவள் டம்ளரைத் தூக்கிப் பார்க்கவில்லை. மணல் பல்லில் நெறுநெறுத்தது. தங்கச்சி பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.